ஊசி நின்ற பிறகு வந்த வெள்ளிக்கிழமைகள்

1

சுவிஸில் தங்குவதற்கான விசா கார்டைப் புதுப்பிக்கப் போன இடத்தில்தான் அது எனக்கு முதலில் உறைத்தது. கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் என் பழைய கார்டைப் பார்த்தாள். திரையில் அப்போதுதான் எடுத்த படத்தைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். "விரும்பினால் இன்னொரு தடவை எடுக்கலாம்" என்று டொச்சில், அதாவது ஜெர்மன் பாஷையில், சொன்னாள். சுவிஸில் அலுவலகத்தில் இருப்பவர்கள் ஒரே வேலையை இரண்டாம் தடவை செய்யத் தாமாக முன்வந்தால் விஷயம் சின்னதல்ல.

எட்டிப் பார்த்தேன். தாடையில் இரண்டு பருக்கள், நெற்றியில் ஒன்று. வகிடு அகன்று மண்டை தெரிந்தது. முப்பத்தொன்பது வயதில் பள்ளிக்கூடப் பிள்ளையின் பருவும் கிழவியின் முடியும் ஒரே தலையில். மறுபடி எடுத்தோம். பருக்கள் எங்கேயும் போகவில்லை. இனி ஐந்து வருடத்துக்கு இந்த நாட்டுக்கு நான் அந்த முகம்தான்.

"உடம்பு சரியில்லையா?" என்று கேட்டாள். இல்லை, பதினான்கு வருடமாகப் போட்ட ஒரு ஊசியை நிறுத்தியிருக்கிறேன், அவ்வளவுதான் என்று சொல்ல வாயெடுத்தேன். டொச் வரவில்லை. பஸ்ஸில் திரும்பி வரும்போது சொல்லிப் பார்த்தேன், தமிழிலும் வரவில்லை. அதனால்தான் எழுதிப் பார்க்கிறேன். ஊரில் இதைப் படிக்கிற பெண்களுக்கு மூன்று மாத ஊசி என்றால் விளக்கம் தேவையில்லை. ஆண்கள் வீட்டில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

2

எங்கள் தேயிலைத் தோட்டம் இலங்கையில், பதுளைப் பக்கம், கொஸ்லந்தைக்கு மேலே. மகள் தர்ஷினி பதுளை ஆஸ்பத்திரியில் பிறந்தாள். கணவர் ரவி அப்போது கொழும்பில் ஒரு ஹோட்டலில் சமையல். மாதம் ஒருமுறை வருவார். மலைக்குக் கொழுந்து எடுக்கப் போகிற தாய்மார் பிள்ளைகளை விட்டுவைக்கும் பிள்ளை மடுவத்தில்தான் கிளினிக் நடக்கும். மகளுக்குத் தடுப்பூசி போடக் கொண்டுபோன அன்றைக்கே மிட்வைஃப் மிஸ் எனக்கும் பிள்ளை தங்காமல் இருக்கிற அந்த மூன்று மாத ஊசியைப் போட்டுவிட்டார். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. கையை நீட்டியது நான்தான்.

பக்கத்து வீட்டு ராணி சொல்லிவைத்திருந்தாள். "போட்டுக்கடி. மழைக்காலத்துல மலையில நிம்மதியா இருக்கலாம்." அந்த நிம்மதி என்னவென்று மலையில் கொழுந்து எடுத்தவளுக்குத்தான் தெரியும். மேலே கக்கூஸ் கிடையாது. இடுப்பில் கட்டிய படங்குச் சாக்குக்குள்ளே ஈரத்துணியோடு நாள் முழுக்க நிற்க வேண்டும். காலில் வழிவது அட்டை கடித்த ரத்தமா, மற்றதா என்று குனிந்து பார்க்கவும் வெட்கம். ஊசி போட்ட முதல் சில மாதம் சொட்டுச் சொட்டாகப் பட்டது. பிறகு சுத்தமாக நின்றுபோனது.

"கெட்ட ரத்தம் உள்ளுக்கே தங்கிருமோ மிஸ்?" என்று பயந்து கேட்டேன்.

"தங்குறதுக்கு அங்க ஒண்ணும் சேர்றதே இல்லம்மா. போய் வேலையப் பாரு" என்றார்.

நானும் வேலையைப் பார்த்தேன். இன்றைக்கு யார் வந்து அந்த ஊசியைத் திட்டினாலும் நான் அவர்களோடு சேர மாட்டேன். அது எனக்கு வருடங்களைக் கொடுத்தது.

அது வேறொன்றையும் கொடுத்தது. தோட்டத்து மாரியம்மன் திருவிழாவுக்கு முளைப்பாரி எடுக்கப் பெண்களைத் தேர்ந்தெடுப்பார்கள். விரதம் இருந்து, தானியம் முளைக்கவிட்டு, சட்டியைத் தலையில் வைத்து ஊர்வலம் போக வேண்டும். நடுவில் தூரம் வந்துவிட்டால் எல்லாம் போச்சு. அதனால் சிலர் தள்ளிப்போடும் மாத்திரைக்குப் பண்டாரவளைக்கு ஓடுவார்கள். ஊசி போட்ட எங்களுக்கு அந்தக் கவலையே இல்லை. "அவ ஊசிக்காரி, அவளுக்கு ஒண்ணும் கெடையாது, அவளக் கூப்புடு" என்று திருவிழாக்காரர்களே வாசலுக்கு வருவார்கள். பிள்ளை வேண்டாம் என்று போட்ட ஊசி அம்மனுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தியது. அதை நினைத்து நாங்கள் மடுவத்தில் உட்கார்ந்து சிரித்திருக்கிறோம்.

3

இங்கே ஒரு உணவகம் ரவியைச் சமையலுக்கு எடுத்தது. பின்னால் நானும் மகளும் வந்தோம். அவளுக்கு அப்போது நான்கு வயது. எனக்கு வயோதிபர் இல்லம் ஒன்றின் சலவைப் பகுதியில் வேலை. கொதிக்கக் கொதிக்க வரும் விரிப்புகளை மடித்து அடுக்குவது. ஊசியும் கூடவே வந்தது. இங்கத்தைய டொக்டர் மாமா "எப்படி, ஒத்துக்கொள்கிறதா?" என்று கேட்பார். நான் "யா" என்பேன். அவ்வளவுதான் எங்கள் பேச்சு.

எங்கள் சிறு நகரத்தில் ஒரு பழைய தச்சுப் பட்டறையை வாடகைக்கு எடுத்துக் கோயில் நடத்துகிறார்கள். வருகிறவர்கள் அநேகமாக யாழ்ப்பாணத்து ஆட்கள். நல்லவர்கள். ஆனால் "எந்த இடம்?" என்று கேட்டு நான் "பதுளைப் பக்கம்" என்றதும், "ஓ, தோட்டமோ?" என்பார்கள். அந்த "தோட்டமோ"வுக்குப் பிறகு ஒரு சின்ன இடைவெளி வரும். அந்த இடைவெளியில் நான் என்ன செய்வது என்று தெரியாமல் செருப்பைச் சரியாக அடுக்குவேன்.

வெள்ளிக்கிழமைப் பொங்கலுக்குப் பெண்கள் முறைபோட்டுச் சமைப்பார்கள். அதை நடத்துகிறவர் சிவமலர் அக்கா. எப்போதும் கடைசி நேரத்தில் யாராவது போன் எடுத்து "அக்கா, எனக்கு இண்டைக்கு ஏலாது" என்பார்கள். தூரம் வந்துவிட்டது என்று அர்த்தம். அக்காவின் தலை வெடிக்கும். ஒரு நாள் என்னிடம் கேட்டார்.

"பிள்ளை, உமக்கு எப்ப ஏலும், எப்ப ஏலாது எண்டு சொல்லும். அதைப் பாத்து உமக்கு முறை போடுறன்."

"எனக்கு எப்பவும் ஏலுங்க அக்கா."

"எப்பவுமோ?"

"ஆமாங்க. எனக்கு வர்றதில்ல."

அவர் என் வயிற்றை ஒரு தடவை பார்த்தார். பிறகு பெரிய கரண்டியை எடுத்து என் கையில் தந்தார். கர்ப்பப்பையில் ஏதோ கோளாறு என்று நினைத்துக்கொண்டாரோ என்னவோ, அதன் பிறகு என்னிடம் ஒரு தனி இரக்கம். அன்றிலிருந்து வெள்ளிப் பொங்கல் என்னுடையது. "பதுளைப் பொங்கல்" என்று கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள். தோட்டமோ என்று கேட்ட வாய்களே "கலா, எனக்கு அடியில இருக்கிறதைப் போடும்" என்றன. இந்த நாட்டில் எனக்கு டொச் இல்லை, கார் ஓட்டத் தெரியாது, சொந்தக்காரர் யாரும் கிடையாது. அந்தக் கரண்டி இருந்தது.

4

டொக்டர் மாமா ஓய்வுபெற்று, அவர் இடத்துக்கு ஒரு இளம் பெண் டொக்டர் வந்தார். முதல் நாளே ஊசியை வெளியே எடுக்காமல் கேள்வியாகக் கேட்டார். எத்தனை வருடம்? இடுப்பு நோகிறதா? எலும்பைப் படம் எடுத்துப் பார்த்தார். மெலிந்திருக்கிறது என்றார். இவ்வளவு காலம் தொடர்ந்து போட்டது போதும், வேறு வழிக்கு மாறலாம் என்றார்.

"மாதவிடாய் எப்போது திரும்ப வரும்?" என்று கேட்டேன். இந்தக் கேள்விக்கு வேண்டிய டொச்சை முதல் நாளே மகளிடம் கேட்காமல் போனில் தேடி எழுதிக்கொண்டு போயிருந்தேன்.

"சொல்ல முடியாது. சில மாதம் ஆகலாம், ஒரு வருடத்துக்கு மேலும் போகலாம். ஒழுங்காக வராமல் இடையிடையே படலாம். ஆனால் அது வருவதற்கு முன்பே கர்ப்பம் தங்கக்கூடும், கவனம்."

ரவியிடம் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்தார். மறுநாள் கடைக்குப் போய்ப் பால், ரொட்டி, வெங்காயம், அதற்கடியில் ஒரு சின்னப் பெட்டி என்று வாங்கி வந்தார். "காசு வாங்குற பொண்ணு தமிழ்ப் பொண்ணுடி. வெங்காயத்த மேல போட்டு மறைச்சேன், அது ஒவ்வொண்ணா எடுத்து வைக்குது" என்றார். அன்றைக்கு நான் வயிறு நோகச் சிரித்தேன். அதற்குப் பிறகு நெடுநாள் சிரிக்கவில்லை.

ஊசி போட வேண்டிய நாள் ஊசி இல்லாமல் கடந்து போனது. முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு முடி. சீப்பில், தலையணையில், ரவியின் சாப்பாட்டுத் தட்டில். மார்பு கல்லாய்க் கனத்தது, பஸ் குலுங்கினால் வலித்தது. என் வேர்வை வாடை எனக்கே புதிதாக இருந்தது. ஊசிக் காலத்தில் ஏறிய எடையில் கொஞ்சம் தானாக இறங்கியது. ரவியின் மேல் ஒரு ஆசையும் திரும்பி வந்தது. அது போனதையே நான் கவனித்திருக்கவில்லை. வயதானதால் போயிருக்கும் என்று விட்டிருந்தேன். இதை எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன். பருவை எழுதிவிட்டு இதை விட்டால் கணக்கு நேராகாது.

ஆனால் மனம் ஒரு இடத்தில் நிற்கவில்லை. விரிப்பு மடிக்கும்போது காரணம் இல்லாமல் அழுகை வந்தது. அடுத்த நிமிடம் மேசையில் இருந்த கோப்பையை ரவி எடுத்து வைக்காததற்குக் கத்தினேன். இறங்க வேண்டிய நிறுத்தத்தில் இறங்காமல் கடைசி நிறுத்தம் வரை போய்த் திரும்பி வந்தேன். கொஸ்லந்தையில் இருக்கிற தங்கச்சி தேவிக்குப் போன் எடுத்தேன். மண்சரிவுக்குப் பயந்து கீழே மாற்றிக் கொடுத்த வீட்டில் அவள் குடும்பம் இருக்கிறது. ஊசியை விட்டு அவளுக்கு ஒரு பையனும் பிறந்திருக்கிறான்.

"எனக்கும் அப்படித்தான்க்கா. ஒரு வருசம் பேய் புடிச்ச மாதிரி இருந்தேன்" என்றாள். "மாமாகிட்ட சொல்லு, கொஞ்சம் பொறுத்துக்கட்டும்."

"பேய் அவருக்குப் பிடிக்கலையேடி, எனக்கில்ல பிடிச்சிருக்கு."

"ஒனக்குப் பிடிச்சா அவருக்குத்தான்க்கா கஷ்டம்" என்று சிரித்தாள்.

5

எல்லாவற்றையும் தாங்கியிருப்பேன். வெள்ளிக்கிழமையைத்தான் தாங்க முடியவில்லை.

ஒரு நாள் பழுப்பாகக் கொஞ்சம் பட்டது. பிறகு வாரக்கணக்கில் ஒன்றும் இல்லை. பிறகு மறுபடி ஒரு சொட்டு. எது தூரம், எது தூரமில்லை என்று எனக்கே தெரியவில்லை. அடுப்பில் பொங்கல் கொதிக்கும்போது வந்துவிட்டால்? கரண்டியைப் போட்டுவிட்டு வெளியே ஓடுவதா? சாமிக்கு வைத்ததைத் திருப்பி எடுப்பதா? முதல் வெள்ளி வேலை என்று சொன்னேன். அடுத்த வெள்ளி காய்ச்சல் என்றேன். அதற்கடுத்த வெள்ளி அக்கா என்ன என்று கேட்கவே இல்லை, "சரி பிள்ளை, உடம்பைப் பாத்துக்கொள்ளும்" என்றார். குரலில் ஒரு குழைவு. கர்ப்பமான பெண்ணை அவர்கள் "முழுகாமல் இருக்கிறாள்" என்பார்கள். நான் முழுகாமல் இருக்கிறேன் என்று கோயில் முழுக்கப் பரவிவிட்டது. ஒரு அம்மா வீட்டுக்கே வந்து ஊறுகாய்ப் போத்தல் தந்துவிட்டுப் போனார். நான் ஊறுகாயை வாங்கி வைத்துக்கொண்டேன். வேறென்ன செய்ய?

அந்தக் கரண்டி இனி வேறு கைக்குப் போய்விடும் என்று தெரிந்தது. அது எனக்குச் சின்ன விஷயமாக இல்லை. அன்று பின்நேரம் குசினியில் நின்று அழுதுகொண்டிருந்தபோது தர்ஷினி பள்ளிக்கூடத்திலிருந்து வந்தாள். அவளுக்கு இப்போது பதினான்கு. வீட்டுக்குள்ளும் பாதி நேரம் டொச்தான். நான் தமிழில் கேட்டால் தோளைக் குலுக்குவாள். தமிழ் முழுதாக அவள் வாயில் வருவது வெள்ளிக்கிழமைத் தேவாரத்தில் மட்டும். பிள்ளைகள் குழுவில் அவள்தான் முன்னால் நின்று பாடுவாள்.

"இன்னைக்கும் நீங்க வரலையா?" என்றாள்.

"இல்ல."

"ஏன்?"

"தூரம் வந்துருமோன்னு பயமா இருக்கு."

"வந்திருக்கா?"

"இன்னும் இல்ல."

"வராததுக்கா போகாம இருக்கீங்க?" அவளுக்குச் சிரிப்பு வந்தது.

"சிரிக்காத. அதோட கோயிலுக்குள்ள போகக் கூடாது. தெரியும்தானே ஒனக்கு?"

அவள் ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். தடவி முடித்துவிட்டுச் சொன்னாள். "நான் ஒரு வெள்ளிக்கிழமையும் விட்டதில்லையே அம்மா. ரெண்டு வருஷமா. நீங்க கவனிக்கவே இல்லையா?"

பிள்ளை பெரியவளாகி இரண்டு வருடம். அதே கோயில் மண்டபத்தில்தான் சடங்கும் செய்தோம். சவர்க்காரம், பற்பசையோடு அவளுக்கான பேட் பாக்கெட்டையும் மாதாமாதம் தள்ளுவண்டியில் போட்டவள் நான்தான். ஆனால் அதையும் வெள்ளிக்கிழமையையும் ஒரு தடவைகூடச் சேர்த்துப் பார்க்கவில்லை. எனக்கு இல்லாததால் அந்த வீட்டிலேயே அது இல்லை என்பது போல இருந்திருக்கிறேன். எந்தத் தாயாவது இப்படி மறப்பாளா? நான் மறந்தேன். ஊசி என் கையில் ஏறி என் மண்டைக்கும் போய்விட்டது போலிருக்கிறது.

வெட்கம் கோபமாகத்தான் வெளியே வந்தது. "சாமி குத்தம்டி! சொல்லணும்னு தோணலையா?"

"சாமி ஒண்ணும் சொல்லலையே."

"வாயாடாத!"

டொச்சில் என்னவோ சொல்லிவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். கொஞ்ச நேரத்தில் திறந்துகொண்டு வந்தாள். இந்த முறை தமிழில்தான், சொல் சொல்லாகத் தேடிக் கேட்டாள். "நான் சொல்லியிருந்தா, நீங்க என்னைப் பாட விட்டிருப்பீங்களா?"

விட்டிருக்க மாட்டேன். அது இருவருக்கும் தெரியும். நான் அடுப்பைத் துடைக்கத் தொடங்கினேன்.

6

ஆடி மாதக் கடைசி வெள்ளி எங்கள் கோயிலில் பெரிய நாள். அன்றைக்குக் காலையில் சலவைப் பகுதியில் நிற்கும்போது, அடிவயிற்றில் யாரோ ஈரத்துணியைப் பிழிவது போல ஒரு வலி. தெரிந்த வலி. எங்கேயோ பார்த்த ஆள் பெயர் சொல்லிக் கூப்பிட்டது போல நின்றுவிட்டேன். இந்தத் தடவை சொட்டுச் சந்தேகம் எதுவும் இல்லை. வந்துவிட்டது. அந்தச் சின்னக் கழிவறையில் உட்கார்ந்து எனக்குச் சந்தோஷமாக இருந்தது. உடனேயே பயமும் வந்தது. பெரிய நாளுக்கு எப்படியும் வந்து பொங்கித் தருகிறேன் என்று அக்காவுக்கு வாக்குக் கொடுத்திருந்தேன்.

போன் எடுத்தேன். இந்த முறை வேலை, காய்ச்சல் ஒன்றும் சொல்லவில்லை. "எனக்கு வந்துருச்சுங்க அக்கா."

"என்ன வந்தது?"

"தூரம்."

"ஐயோ பிள்ளை, நீர் முழுகாமல் இருக்கிறீர் எண்டெல்லோ நாங்கள் நினைச்சம். அப்ப உமக்குத் துடக்கு வாறதோ?"

"இவ்வளவு நாள் வரல. இனி வரும்."

"சரி" என்றார். கோபமில்லை. "ராசாத்தியைக் கூப்பிடுறன். இனி உம்மையும் மற்றவையோட சேர்த்துத்தான் முறை போட வேணும்." என் பதவி அந்த இரண்டு வாக்கியத்தில் முடிந்தது. நான் போனை வைத்துவிட்டு அடுத்த விரிப்பை மடித்தேன்.

மாலையில் தர்ஷினி சேலை கட்டியிருந்தாள். சேலையோடு பஸ்ஸில் தனியாகப் போக வெட்கம். ரவி உணவகத்தில் இருந்தார். உள்ளே போகாவிட்டாலும் வாசல் வரை கொண்டுபோய் விடுகிறேன் என்று நான் கிளம்பினேன். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து, வாழ்க்கையில் முதல் தடவையாக அவளிடம் கேட்டேன்.

"ஒனக்கு எப்ப?"

அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். "நேத்து."

பஸ்ஸை நிறுத்தும் பொத்தான் என் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. அழுத்தினால் அடுத்த நிறுத்தத்தில் இரண்டு பேரும் இறங்கி வீட்டுக்குத் திரும்பலாம். அவள் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை, ஆனால் காத்திருந்தாள் என்பது தெரிந்தது. எனக்கு அம்மன் மேல் பயம் உண்டு. இப்போதும் உண்டு. கையை மடியில் வைத்துக்கொண்டேன்.

மண்டபத்துக்கு வெளியே செருப்பு விடும் நடையில் ஒரு பெஞ்சு போட்டிருக்கிறார்கள். அதில் உட்கார்ந்தேன். அவள் செருப்பைக் கழற்றிவிட்டு என் முன்னால் நின்றாள்.

"போ. நேரமாகுது" என்றேன்.

மணி அடித்தது. பாட்டுத் தொடங்கியது. இத்தனை வருடம் அவள் பாடும்போதெல்லாம் நான் பின்குசினியில், புகைபோக்கி விசிறியின் இரைச்சலுக்கும் கரண்டிச் சத்தத்துக்கும் நடுவில் நின்றிருக்கிறேன். அவள் பாட்டை நான் ஒழுங்காகக் கேட்டதே இல்லை. இப்போது கேட்டது. ழகரம் நாக்கில் பாதி வழுக்கியது. மேலே போக வேண்டிய இடத்தில் பயமில்லாமல் போனாள். அந்தக் குரலில் எங்கள் ஊரும் இல்லை, யாழ்ப்பாணமும் இல்லை, இந்த நாடும் இல்லை.

சிவமலர் அக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். "ராசாத்தி தண்ணியைக் கூட விட்டிட்டா. கஞ்சி மாதிரிக் கிடக்கு" என்று சலித்துக்கொண்டார். உண்மையைச் சொன்னால் எனக்குக் கொஞ்சம் சந்தோஷம்தான். அவரும் கதவுக்குப் பக்கத்தில் நின்று பாட்டைக் கேட்டார்.

"பிள்ளை நல்லாப் பாடுறாள்" என்றார். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தார். "ஒரு வீட்டில இருக்கிற தாய்க்கும் பிள்ளைக்கும் ஒண்டாத்தான் வரும் எண்டு சொல்லுவினம். இவளுக்கு இண்டைக்கு ஒண்டுமில்லைத்தானே?"

அவர் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. முறை போடுகிறவர், அவருக்கு அது வழக்கம். ஆமாம் என்றால் பாட்டு அங்கேயே நிற்கும். ஐயர் தண்ணீர் தெளிப்பார். எல்லோரும் பார்க்க அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு வெளியே வருவாள். அதற்குப் பிறகு இந்த வாசலையே மிதிக்க மாட்டாள். அவள் வாயில் மிச்சமிருக்கிற தமிழும் அன்றோடு போகும்.

"இல்லீங்க அக்கா" என்றேன். "அவளுக்கு ஒண்ணும் இல்ல."

அக்கா தலையாட்டிவிட்டுப் பொங்கலைப் பார்க்க உள்ளே போனார். கதவு தானாகச் சாத்திக்கொள்ளப் பார்த்தது. நான் காலை நீட்டி அது மூடாமல் பிடித்துக்கொண்டேன்.